நீல கேட் வீட்டு ஜன்னத்தும் நாலு பொய்களும்

போன ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், போத்தனூரில் எங்கள் தெருக்காரர்கள் நாலு பேர் ஒரே மனிதரிடம் நாலு விதமான பொய் சொன்னோம். அந்த நாலு பேரில் நானும் ஒருவன். ரயில்வே டிக்கெட் கவுன்ட்டரில் முப்பத்திரண்டு வருஷம் உட்கார்ந்தவன் நான். மீசை முளைத்த பையனை முன்னால் நிறுத்திக்கொண்டு அரை டிக்கெட் கேட்ட அப்பன்களை எல்லாம் பார்த்தவன். பொய்யை எப்படிச் சொல்லக் கூடாது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் குறைவு. அப்படியும் சொதப்பினேன்.

எங்கள் நாலு பேரின் புண்ணியத்தில் மனோஜ்குமார் என்ற நல்ல பையனின் கல்யாணம் நின்றுபோக இருந்தது. அது எப்படி நிற்காமல் போனது என்று சொல்ல வேண்டுமானால் ஜன்னத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பெயர்களை எல்லாம் மாற்றித்தான் எழுதுகிறேன், சட்டம் அப்படி. மனோஜ்குமாரிடம் கேட்டபோது, "எழுதுங்க சார், ஆனா பத்தாவதுல பெயிலானதையும் சேத்து எழுதுங்க" என்றான். அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்பது போகப் போகத் தெரியும்.

ஜன்னத் சேவை செய்ய வந்தவள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அவளே நம்ப மாட்டாள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினாலு வருஷம் செக்கிங் பிரிவில் இருந்தாள். தைத்து வரும் உருப்படியை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்து, தையல் விட்டதையும் ஓட்டை விழுந்ததையும் பிரித்து வைக்கும் வேலை. தினமும் ரயிலில் போய் வந்ததில் முதுகு போய்விட்டது. கணவர் இறந்து, மகளைப் பாலக்காட்டில் கட்டிக்கொடுத்த பிறகு, வீட்டுக்குப் பக்கத்திலேயே சமையல் வேலை ஒன்று இருக்கிறது என்றார்கள். வந்தாள். அவ்வளவுதான்.

வந்த இடம் நீல கேட் போட்ட ஒரு மாடி வீடு. வாசலில் போர்டு கிடையாது. ஓர் அறக்கட்டளை அதை நடத்துகிறது. பதினெட்டு வயதுக்குள் ஏதோ ஒரு வழக்கில் சிக்கி, கூர்நோக்கு இல்லத்தில் இருந்துவிட்டு, திரும்பிப் போக வீடில்லாத பையன்களை இளைஞர் நீதிக் குழுமம் இங்கே அனுப்பும். ஒரே சமயத்தில் ஆறு பேர். பூட்டு, காவல் எதுவும் இல்லை. ஜன்னலில் வலை இருப்பதுகூட கொசுவுக்காகத்தான். பையன்கள் பள்ளிக்கோ ஐடிஐக்கோ பட்டறைக்கோ போவார்கள். மாலை ஏழு மணிக்குள் வீடு திரும்ப வேண்டும். நன்னடத்தை அலுவலர் வாரம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவார். பதினெட்டு முடிந்தும் போக்கிடம் இல்லாதவன் இருபத்தொரு வயது வரை இருக்கலாம்.

ஜன்னத் சேர்ந்த மூன்றாவது மாதமே வார்டன் வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டார். "புது ஆள் வர்ற வரைக்கும் சாவிய வெச்சுக்கம்மா" என்றார்கள் அறக்கட்டளைக்காரர்கள். எட்டு வருஷம் ஆகிறது. புது ஆள் இன்னும் வந்து சேரவில்லை.

சாவி கைக்கு வந்ததும் அவள் இரண்டு சட்டம் போட்டாள். ஒன்று, யார் என்ன வழக்கில் வந்தான் என்பது அவளுடைய இரும்பு பீரோவைத் தாண்டி வெளியே வராது. இன்னொன்று, பொய் சொன்னால் சோறு உண்டு, பேச்சு கிடையாது. அடிக்கு அந்தப் பையன்கள் பயப்பட மாட்டார்கள். அதை வேண்டிய மட்டும் வாங்கியவர்கள். ஆனால் "ஜன்னத்தம்மா என்கூடப் பேச மாட்டேங்குது சார்" என்று என்னிடம் வந்து மூக்கை உறிஞ்சிய பதினேழு வயதுத் தடியன்களை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது என் வெட்கத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கலெக்டருக்கு மனு எழுதியது நான்தான். எங்கள் தெருவில் யாருக்கு மனு வேண்டுமானாலும் என்னிடம்தான் வருவார்கள். 'குடியிருப்புப் பகுதியில் குற்றவாளிகளைக் குடியமர்த்தியிருப்பதால் பெண்டு பிள்ளைகள் அச்சத்தில் உறைந்துள்ளனர்' என்று ஆரம்பித்து இரண்டு பக்கம். முப்பத்தொரு கையெழுத்து. முதல் கையெழுத்து, நீல கேட்டுக்கு நேர் எதிர் வீட்டுச் சுப்பாத்தாள் போட்டது. அப்போது யாரும் அச்சத்தில் உறைந்திருக்கவில்லை. எனக்கு அந்த வாக்கியம் பிடித்திருந்தது, எழுதிவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து அந்த மனுவின் நகலோடு ஜன்னத் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"சார், இத எழுதுனது நீங்கதானுங்களா?"

ஆமாம் என்றேன்.

"எழுத்து அச்சு மாதிரி இருக்குதுங்க. எங்க பையன் ஒருத்தனுக்குப் பழைய பள்ளிக்கூடத்துல டிசி தர மாட்டேங்கறாங்க. இதே மாதிரி ரெண்டு பக்கம் அழுத்தமா எழுதித் தாறீங்களா?"

குத்திக்காட்டுகிறாளா, நிஜமாகவே கேட்கிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். இரண்டும்தான். எழுதிக் கொடுத்தேன். டிசி கிடைத்தது. அன்றிலிருந்து ஆதார், சாதிச் சான்று, மறுதேர்வு என்று அந்த வீட்டுக்கு நான் எழுதிய மனுக்கள் ஐம்பதைத் தாண்டும். எங்கள் முதல் மனுவுக்குப் 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. இன்றுவரை பரிசீலனையில்தான் இருக்கிறது.

சுப்பாத்தாள் அத்தனை சுலபத்தில் விடுகிறவள் இல்லை. "ஆதாரம் இல்லாம மனு நிக்காதுங்க்கா" என்று நான் முன்பே அவளுக்கு ஒரு யோசனை சொல்லியிருந்தேன். பையன்கள் எத்தனை பேர் எப்போது வெளியே இருக்கிறார்கள் என்று தினமும் குறித்து வைக்க வேண்டும். மறுநாளே அவள் அரிசி மண்டிக்காரர் கொடுத்த மாதக் காலண்டரை வாசல் ஓரம் மாட்டி, ஒரு பென்சிலையும் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாள். காலை ஆறு மணிக்குப் பால் வாங்கும்போது ஒரு எண்ணிக்கை. அந்த நேரம் ஜன்னத் ஆறு பேரையும் வாசல் கூட்ட வெளியே விரட்டியிருப்பாள். மாலை ஏழு மணிக்கு ஒரு எண்ணிக்கை. தேதிக் கட்டத்துக்குள் 6/6 என்று எழுதுவாள். கண் டாக்டர் சீட்டு மாதிரி இருக்கும்.

மனுவின் கதை முடிந்த பிறகும் அவள் எண்ணுவதை நிறுத்தவில்லை. அது எப்போது வேறு மாதிரி ஆனது என்று எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. ஒருநாள் மாலை ஏழேகாலுக்கு அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு தெருவைத் தாண்டி ஓடி நீல கேட்டைத் தட்டினாள். "ஏனுங் ஜன்னத்து, அஞ்சுதான வந்திருக்குது? இன்னொண்ணு எங்க போச்சு? மழை வேற புடிச்சுக்கிச்சு!" பஸ் வழியில் நின்றுபோய் அந்தப் பையன் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தான். ஜன்னத் வாயைத் திறப்பதற்கு முன் சுப்பாத்தாள் அவனைத் திட்டி முடித்திருந்தாள்.

மனோஜ்குமார் அந்த வீட்டுக்கு வந்தது 2016 கார்த்திகையில். அப்போது அவனுக்குப் பதினாறு வயது. சொந்த ஊர் வெள்ளகோவில் பக்கம். அம்மா இல்லை. அப்பா இன்னொரு கல்யாணம் செய்துகொண்டு கேரளா போய்விட்டார். முதல் ஒரு மாதம் அவன் யாரிடமும் பேசவில்லை. மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் நின்றுபோன அன்று, அதை மோந்து பார்த்துவிட்டு, "காயில் கருகிருச்சுங்க" என்றான். அதுதான் நாங்கள் கேட்ட முதல் பேச்சு. பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்று, மறுபடி எழுதித் தேறி, ஐடிஐ முடித்தான். இப்போது இருபத்து நாலு வயது. பெரியநாயக்கன்பாளையத்தில் பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறையில் அவன்தான் மூத்த ஆள். அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். ஞாயிறு தவறாமல் பஸ் ஏறி நீல கேட்டுக்கு வந்துவிடுவான். ஆதாரில் இருப்பது இன்னும் எங்கள் தெரு முகவரிதான்.

அவன் பட்டறைக்கு எதிரில் ஒரு பம்ப் கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள் நித்யஸ்ரீ. இருவரும் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவெடுத்தார்கள். அவளுடைய அப்பா தம்பிதுரை காங்கேயத்துக்குப் பக்கத்தில் தோட்டம் வைத்திருப்பவர். மகள் சொன்னதும் அவர் ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதிக்கவில்லை. பையனோடு போனில் ஒருமுறை பேசினார். "விசாரிச்சுப்போட்டுச் சொல்றேன்" என்றார்.

எங்கள் பக்கம் மாப்பிள்ளை விசாரிக்க வருகிறவர்கள் அதற்காக வந்தேன் என்று சொல்ல மாட்டார்கள். தெருவும் தெரியாத மாதிரியே பதில் சொல்லும். தம்பிதுரை பஸ்ஸை விட்டிறங்கி ஜபருல்லாவின் டீக்கடையில், "இந்தப் பக்கம் ஊடு ஏதாச்சும் வாடகைக்கு இருக்குதுங்களா?" என்று ஆரம்பித்தார். வேட்டி, துண்டு, செம்மண் ஒட்டிய தோட்டத்துச் செருப்பு. வாடகைக்கு வீடு தேடும் முகம் இல்லை அது என்று ஜபருல்லா அப்போதே கண்டுகொண்டார். அடுத்த கேள்வி, "அந்த நீல கேட்டு ஊட்டுல மனோஜ்குமார்னு ஒரு பையன் இருந்தானாமா?" என்று வந்தது.

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை நடத்தி வை என்பார்கள். நாங்கள் நாலோடு நிறுத்திக்கொண்டோம்.

ஜபருல்லா சொன்னது: "தங்கமான பையனுங்க. அது ஐடிஐ பசங்க ஹாஸ்டலுங்க."

அடுத்து இஸ்திரி வண்டி ராசப்பன். அவன் சினிமா அதிகம் பார்க்கிறவன். "அப்பா, அம்மா ரெண்டு பேரும் ஒரே கார் ஆக்சிடெண்டுல போய்ட்டாங்க. இருவது ஏக்கர் தோப்புங்க. சொந்தக்காரனுங்க ஏமாத்திப் புடுங்கிட்டானுங்க. அப்பவும் ஒரு வார்த்தை பேசலைங்க பையன்."

மூன்றாவது சுப்பாத்தாள். முப்பத்தொரு கையெழுத்தில் முதல் கையெழுத்துப் போட்ட அதே சுப்பாத்தாள், "அது எங்க பையனுங்க" என்றாள். "எங்க பையன்னா?" என்று தம்பிதுரை கேட்க, "என்ற ஊட்டுக்காரரோட சித்தப்பா பேரனுங்க. காடை கூட்டம். அசல் காடை" என்று ஒரே போடாகப் போட்டாள்.

இதில் வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக் கவுண்டர்களில் கூட்டம் என்றால் குலம். ஒரே கூட்டத்துக்காரர்கள் பங்காளிகள், அண்ணன் தம்பி முறை. அதற்குள் பெண் கொடுத்துப் பெண் எடுக்க மாட்டார்கள். தன் கூட்டத்தைச் சொன்னால் பையனுக்குப் பெருமை என்று சுப்பாத்தாள் நினைத்தாள். வந்தவர் எந்தக் கூட்டம் என்று முதலில் கேட்கத் தோன்றவில்லை.

கடைசியாக அவர் என்னிடம் வந்தார். நான் முன்பே தயாராக இருந்தேன். எண்ணோடு சொன்னால் யாரும் நம்புவார்கள் என்பது என் அனுபவம். "பத்தாவதுல பள்ளிக்கூடத்துலயே முதல் மார்க்குங்க. நானூத்தி எண்பத்தாறு" என்றேன்.

தம்பிதுரை துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கணக்குல பெயிலாகித் திருப்பி எழுதுனேன்னு பையனே என்ற கிட்டச் சொன்னானுங்களே. அப்பா கேரளாவுல இருக்காருன்னான். இங்க கார்ல போய்ட்டாருங்கறாங்க. பயிரன் கூட்டம்னான். எதுத்த ஊட்டம்மா காடைங்கறாங்க. நானும் காடைதானுங்க. அப்பறம் அவன் என்ற பொண்ணுக்கு அண்ணனாயிருவானே. அண்ணனுக்கு எப்படீங்க கட்டிக் குடுக்கறது?"

ஜன்னலோரம் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த சுப்பாத்தாள், "ஐயோ சாமி" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நாலு பேரு நாலு கதை சொல்றீங்க. என்னமோ மறைக்கறீங்க" என்று அவர் எழுந்துவிட்டார். "பையன் நல்லா பேசுனானேன்னுதான் இத்தன தூரம் வந்தேன். போயிட்டு வாரனுங்க."

அவர் பஸ் ஏறிவிட்டால் கதை முடிந்தது. நல்ல பையனை நாங்களே கூடி மோசமான பையனாக்கி அனுப்புகிறோம். அந்த நேரத்தில்தான் உக்கடத்திலிருந்து மீன் வாங்கிக்கொண்டு ஜன்னத் தெருவுக்குள் வந்தாள். வழியிலேயே ஜபருல்லா நடந்ததைச் சொல்லியிருக்க வேண்டும், முகம் சிவந்திருந்தது.

"நான் எட்டு வருசமா பொய் சொல்லாம இந்த ஊட்ட நடத்திட்டு இருக்கறேன். நீங்க நாலு பெரிய மனுசங்க அரை மணி நேரத்துல அத்தனையும் அள்ளிக் கொட்டிட்டீங்க" என்றாள். எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பிறகு தம்பிதுரை பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, நான்தான் அந்த ஊட்டுச் சாவி வெச்சிருக்கறவ. அது ஹாஸ்டல் இல்லீங்க. சின்ன வயசுல கேஸுல மாட்டுன பசங்க இருக்கற ஊடு. மனோஜும் அப்படி வந்தவன்தான்."

தம்பிதுரை ஓர் அடி முன்னால் வந்தார். "என்ன கேஸு?"

"எனக்குத் தெரியுமுங்க. ஆனா அது என்ற வாயில வராது. பொய்யும் வராது. பன்னண்டு மணி பஸ்ஸுல அவன் வருவான், அவனையே கேளுங்க. கேட்டுப்போட்டு உங்க இஷ்டம் போலச் செய்யுங்க. அதுவரைக்கும் உள்ள வந்து மோர் குடிங்க, வெயில்ல நிக்காதீங்க."

அவர் என்ன நினைத்தாரோ, போனார். வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மோரைக் குடித்துக்கொண்டே, ஆறு பையன்களும் மீன் ஆய்வதையும் தேங்காய் துருவுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவன் கையில் அரிவாள்மனையைப் பார்த்ததும் நாற்காலியைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டார். நாங்கள் நாலு பேரும் கேட்டுக்கு வெளியே குற்றவாளிகள் மாதிரி நின்றோம்.

மனோஜ் வந்ததும் ஜன்னத் கேட்டிலேயே மறித்தாள். அவள் குரல் நடுங்கி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

"கண்ணு, நித்யாவோட அப்பா உள்ள இருக்காரு. நீ இங்க இருந்தவன்கற வரைக்கும் நான் சொல்லிட்டேன். சொல்லாம இருக்க முடியல. என்ன கேஸுன்னு நீ சொல்லோணும்னு சட்டத்துல இல்ல. உன்ற கேஸு பேப்பரக்கூடக் கோர்ட்டுல அழிச்சாச்சு. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு, நான் அவரப் பஸ் ஏத்தி உட்டுர்றேன். இன்னொரு இடம் பாத்துக்கலாம்."

"அவரு கெணத்துக்காரருங்கம்மா" என்றான் மனோஜ். "அவருகிட்டச் சொல்லாம அவரு ஊட்டுல நான் எப்படிச் சோறு திங்கறது?"

உள்ளே போனான். உட்காரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றே சொன்னான்.

"பதினாறு வயசுல கெணத்து மோட்டார் கேபிள் அறுத்துத் திருடுனேனுங்க. கூட ரெண்டு பேரு. உள்ள இருக்கற செம்புக் கம்பிக்காக. நாலு கெணறு. நாலும் காங்கேயத்தச் சுத்தித்தானுங்க. நித்யாகிட்ட ஒரு வருசத்துக்கு முன்னாலயே சொல்லிட்டேன். உங்ககிட்ட நானே நேர்ல சொல்றேன்னு சொல்லியிருந்தேன்."

எங்கள் பக்கத்தில் கேபிள் திருடனைக் காட்டிலும் கேவலமானவன் கிடையாது. கேபிள் போனால் மோட்டார் ஓடாது. மோட்டார் ஓடாவிட்டால் பத்து நாளில் வெள்ளாமை கருகிவிடும். தம்பிதுரை காது வரை சிவந்துபோனார்.

"எங்க கெணத்துக் கேபிளும் போச்சு" என்றார். "அஞ்சு வருசத்துக்கு முன்னால. தீபாவளி கழிஞ்ச மூணாம் நாளு. முன்னூறு வாழை நின்னபடியே காஞ்சுது. அறுத்தவன் கையில கெடச்சா கைய முறிச்சுப்போடுவேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்." மனோஜின் முகத்தைப் பார்த்தார். "நீ அறுத்தியா?"

"இல்லீங்க. 2016க்கு அப்பறம் நான் எதையும் தொடலீங்க. அந்தத் தீபாவளிக்கு நான் இங்கதான் இருந்தேன்."

"திருடுனவன் திருடலைன்னா நான் நம்போணுமா?"

ஜன்னத்தின் பீரோவில் வருகைப் பதிவேடு இருக்கிறதுதான். ஆனால் அந்த வீட்டுக்காரியே எழுதிய ஏட்டை அவர் எதற்கு நம்ப வேண்டும்? மனோஜ் தலையைக் குனிந்துகொண்டான். எட்டு வருஷம் அவன் நிமிர்த்தி வைத்த தலை அது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சொல்வதற்கென்ன, வந்தது.

"இருங்க" என்று எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். சுப்பாத்தாள் செருப்புகூடப் போடாமல் தன் வீட்டுக்கு ஓடினாள். பரணிலிருந்து பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. தூசியும் ஒட்டடையுமாக, ஒரு கட்டுக் காலண்டரோடு திரும்பி வந்தாள். எட்டு வருஷக் காலண்டர். ஒன்றைக்கூட அவள் தூக்கிப் போடவில்லை.

"நான் கூட்டம் சொன்னது பொய்யிங்க. ஒத்துக்கறேன். இது பொய்யில்லீங்க" என்று 2019ஆம் வருஷத்தை உருவி அவர் மடியில் விரித்தாள். "இந்தப் பசங்களத் தெருவ உட்டே தொரத்தோணும்னு நான் எழுதுன கணக்கு. ஒருத்தன் ஒரு நாள் ராத்திரி வெளிய தங்குனாலும் கலெக்டர்கிட்டக் கொண்டுபோய்க் குடுக்கலாம்னு எழுதுனேன். பாருங்க, நீங்களே பாருங்க."

தம்பிதுரை அக்டோபர் மாதத்தைத் திருப்பினார். விரலை வைத்துத் தீபாவளியிலிருந்து எண்ணினார். 6/6. முந்தின நாள் 6/6. அடுத்த நாளும் 6/6. பக்கத்தைப் புரட்டினார். நவம்பரில் ஒரு கட்டத்தில் மட்டும் 5 என்று எழுதி வட்டம் போட்டிருந்தது.

"இது?"

"அது காச்சல் வந்து ஒரு பையன ஆஸ்பத்திரியில சேத்துன நாளுங்க. நான்தான் ரசம் கொண்டுபோய்க் குடுத்தேன்" என்றாள் சுப்பாத்தாள்.

தம்பிதுரை அந்த வருஷத்தின் பன்னிரண்டு தாளையும் பார்த்தார். அவசரப்படவில்லை. விலைக்குக் கேட்ட மாட்டின் பல்லைப் பார்க்கிற நிதானம் அது. வேண்டியவர்கள் எழுதிக் கொடுக்கும் நற்சான்றுக்கு என்ன மதிப்பு என்று ஒரு விவசாயிக்குத் தெரியும். ஆகாதவள் பென்சிலால் எழுதிய கணக்கின் மதிப்பும் தெரியும். கடைசியில் காலண்டரை மடித்து சுப்பாத்தாளிடம் இரண்டு கையாலும் கொடுத்தார்.

பிறகு மனோஜின் கையைப் பார்த்தார். காயில் கட்டிக் கட்டி விரல் நுனியெல்லாம் வார்னிஷ் கறை.

"எங்க கேபிள அறுக்கல. ஆனாலும் முறிக்கோணும்னு சொன்ன மாதிரிக் கைதான் இப்ப எதுக்கால இருக்குது" என்றார் ஜன்னத்திடம். "இந்தக் கைய என்னங்க அம்மணி பண்றது?"

ஜன்னத் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சோத்துல வெக்கச் சொல்லுங்க. மீன் ஆறுது" என்றாள்.

தம்பிதுரை சிரித்துவிட்டார். முதலில் அவர் சிரித்தார், அப்புறம் நாங்கள். மனோஜுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து இரண்டு முறை குழம்பு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவும்போது, "எங்க கெணத்து மோட்டார் ஒரு மாசமாச் சத்தம் போடுதுங்க மாப்பிள்ளை. வர்றப்ப ஒரு எட்டு பாருங்க" என்றார். காலையில் அந்தப் பையன், அவன், இவன் என்று பேசிய வாய் அது. மனோஜ் குழாயை மூட மறந்து நின்றான்.

போகும்போது கேட்டருகில் நின்று, "உப்பு சர்க்கரை மாத்த மாப்பிள்ளை பக்கம் யாரு வர்றீங்க?" என்று கேட்டார். நிச்சயத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குப் போய் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொள்வது எங்கள் பக்கத்து முறை. சுப்பாத்தாளும் ராசப்பனும் ஜபருல்லாவும் நானும் ஒரே குரலில், "நாங்க வர்றமுங்க" என்றோம்.

"நீங்க வாங்க" என்றார் தம்பிதுரை. "ஆனா அங்க வந்து வாயத் தொறக்காதீங்க."

அன்று சாயங்காலம் ஜன்னத் எங்கள் நாலு பேர் வீட்டுக்கும் மீன் குழம்பு கொடுத்தனுப்பினாள். மறுநாள் தெருவில் எதிர்ப்பட்டபோது நான் "என்னம்மா" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். சோறு உண்டு, பேச்சு இல்லை. மூன்று நாள் அப்படி. அறுபத்தாறு வயதில் நானும் மூக்கை உறிஞ்சினேன்.

நாலாம் நாள் அவளே வந்தாள். காங்கேயத்துக்கு ஆறு பையன்களையும் அழைத்துப் போக வேண்டும். குழுமத்தின் அனுமதி வேண்டும். மனு எழுதித் தர வேண்டும். எழுதினேன். 'மேற்படி இல்லத்தில் வளர்ந்து நல்ல நிலைக்கு வந்த மூத்த பையனின் நிச்சயத்துக்கு இளையவர்கள் போய் வர' என்று ஆரம்பித்தேன். தெருவே கையெழுத்துப் போட வேண்டும் என்று அவசியமில்லை. ஆனாலும் போட்டார்கள். முப்பத்து நாலு கையெழுத்து, முதலில் சுப்பாத்தாள். இரண்டே நாளில் அனுமதி வந்தது. என் மனுக்களில் அத்தனை வேகமாகப் பலித்தது வேறு எதுவும் இல்லை.

புரட்டாசி பிறப்பதற்கு முன் ஒரு நல்ல நாளில் வேன் வைத்துக்கொண்டு போனோம். தட்டைத் தூக்கும் நேரம் வந்தபோது ஜன்னத் பின்வாங்கினாள். "நான் புருசன் இல்லாதவ. உங்க வழக்கத்துக்கு ஆகாது. சுப்பாத்தாக்கா தூக்கட்டும்" என்றாள். சுப்பாத்தாள் தட்டை அவள் கையிலேயே திணித்தாள். வாசலில் நின்ற தம்பிதுரையின் சொந்தக்காரர்களில் யாரோ, "ஆரு அந்தம்மா?" என்று கேட்பது எங்கள் காதில் விழுந்தது.

தம்பிதுரை பந்தல் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "மாப்பிள்ளையோட அம்மாங்க."

ஜன்னத் நிமிர்ந்தாள். உப்பும் சர்க்கரையும் இருந்த தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு முதல் ஆளாக உள்ளே நடந்தாள். அவளுக்குப் பின்னால் புதுச் சட்டை போட்ட ஆறு பையன்கள், அவர்களுக்கு நடுவில் மனோஜ். நாங்கள் நாலு பேரும் வாயைத் திறக்காமல் பின்னால் போனோம்.

போத்தனூர் வந்து சேர்ந்தபோது மணி ஏழு. மனோஜும் அன்று பெரியநாயக்கன்பாளையம் போகவில்லை, நீல கேட்டுக்கே வந்துவிட்டான். பையன்கள் ஒவ்வொருவராக வேனைவிட்டு இறங்கி உள்ளே போவதை சுப்பாத்தாள் தன் வாசலில் நின்று விரல் விட்டு எண்ணினாள். பிறகு கயிற்றில் தொங்கிய பென்சிலை எடுத்து அன்றைய கட்டத்தில் எழுதினாள். காலையில் 6. மாலையில் 7.